கடிதத்தில் எழுத ஒரு விஷயம்

எங்கள் துறை அலமாரியில் பரிந்துரைக் கடிதத்துக்கென்று ஒரு மாதிரி இருந்தது. யார் எப்போது எழுதி வைத்ததோ தெரியாது. மாணவர் பெயர், பதிவு எண், வகுப்பு மூன்றுக்கும் இடம் விட்டிருக்கும். மற்றபடி எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோரும் பணிவானவர்கள், எல்லோருடைய எதிர்காலமும் சிறக்க வாழ்த்து. வங்கிக் கடனுக்கோ, பக்கத்து ஊரில் பி.எட். சேரவோ அது போதும். கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அந்தக் கடிதத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான், கொடுக்காமல் விடுவதும் ஒன்றுதான். பணிவானவர் என்பது ஆய்வகத்தில் யாருக்கும் எதற்கும் உதவாத தகவல்.

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் இயற்பியல் நடத்துகிறேன். சிலபஸ் முடிப்பது, இன்டெர்னல் மார்க் போடுவது, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது ஃபைல்களை அடுக்கி வைப்பது, இதெல்லாம் சம்பளத்துக்கான வேலை. பி.எஸ்சி. பிள்ளைகளைக் கோடையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அனுப்பிவைப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. வருடங்கள் போகப் போக, சம்பள வேலையைவிட இதில்தான் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வந்திருக்கிறது.

போக இடங்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியிலுள்ள தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் இருக்கும் இன்னொரு அகாடமி மூன்றும் சேர்ந்து இரண்டு மாத உதவித்தொகை ஒன்றை நடத்துகின்றன. தேர்வானால் நாட்டின் ஏதோ ஒரு மூலையில் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மாணவர்கள் மட்டுமல்ல, எங்களைப் போன்ற ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. இது தவிர மும்பை டாடா ஆய்வு நிறுவனம், பெங்களூரில் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு மையம், ராமன் ஆய்வு நிறுவனம், சென்னையில் ஐ.ஐ.டி., தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் எங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அந்த மலையில்தான். என் மாணவர்களில் பாதிப் பேர் பள்ளிச் சுற்றுலாவில் அதன் வாசல்வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். உள்ளே போய் வேலை பார்க்கவும் விண்ணப்பம் போடலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் ஏறக்குறைய ஒரே அச்சு. மதிப்பெண்கள், ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கத்துக்குள் ஒரு குறிப்பு, உன்னை அறிந்த ஆசிரியரின் கடிதம். மதிப்பெண்ணை, விண்ணப்பம் போடும் நவம்பரில் யாரும் மாற்ற முடியாது. எண்பது விழுக்காடு வாங்கிய எங்கள் பிள்ளையோடு அதே குவியலில் ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுடைய விண்ணப்பங்களும் கிடக்கும். 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய அந்த நிறுவனங்களில், இளநிலையிலேயே ஆராய்ச்சிக்காரர்களின் கண்முன் வளர்கிறார்கள். அங்கே ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு எடை உண்டு, ஏனென்றால் அவருக்கு எழுத விஷயம் உண்டு. எனக்கு?

வகுப்பில் அறுபது பேர். வாரத்துக்கு மூன்று மணி நேரம் லேப். அதிலும் ஒரு கருவிக்கு மூன்று பேர். சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதும் பழக்கம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. விடை சரியாக வரவில்லை என்றால் கையெழுத்துக் கிடைக்காது என்ற பயம்தான் காரணம். பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஏற்பாட்டில் ஒருத்தி எப்படி யோசிப்பாள், தப்பு வந்தால் என்ன செய்வாள் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியவே வழி கிடையாது. நல்ல பிள்ளை என்று தெரியும், அவ்வளவுதான். அதனால் விண்ணப்பத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து "மேம், லெட்டர் வேணும்" என்று நிற்கிறவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. கடிதத்தில் எழுத ஒரு விஷயம் வேண்டும். அதை முந்தின வருடமே உண்டாக்கியிருக்க வேண்டும்.

உண்டாக்குவது என்றால் கற்பனை செய்வது அல்ல. இரண்டாம் ஆண்டு ஜூலையில் வகுப்பில் சொல்லிவிடுவேன்: சனிக்கிழமை மத்தியானம் லேப் சாவி என்னிடம் இருக்கும், மார்க் கிடையாது, ரெக்கார்ட் கிடையாது, ஏற்கெனவே செய்த ஏதாவது ஒரு சோதனையில் உனக்கு உறுத்தினதை மறுபடி செய்து பார்க்கலாம். முதல் வாரம் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மார்க் கிடையாது என்றது நிஜம்தான் என்று புரிந்ததும் இரண்டு மூன்று பேராகக் குறையும். பஸ் நேரம், வீட்டு வேலை, பகுதிநேர வேலை எல்லாமும் அதில் அடக்கம். மிஞ்சுகிற இரண்டு மூன்று பேர்தான் என் ஆட்கள். அவர்கள் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களாக இருப்பது அபூர்வம்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஏர் வெட்ஜ் சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகள், ஒரு முனையில் இடையே ஒரு தலைமுடி, மேலே சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி. வரிவரியாகப் பட்டைகள் தெரியும்; பட்டை அகலத்தை ட்ராவலிங் மைக்ராஸ்கோப்பில் அளந்தால் முடியின் தடிமன் கிடைத்துவிடும். அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று போட்டுக் கணக்கு முடித்து, 0.06 மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள். இவள் அதே முடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி அளந்திருக்கிறாள். வேறு எண் வந்தது. தன் கைப்பிழை என்று நினைத்து மறுபடி. இன்னொரு எண்.

"எது மேம் சரி?" என்று வந்தாள்.

"நீயே சொல்லு."

கோபம்தான் அவளுக்கு. திருகு அளவியில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எடுத்தாள். அதன் மீச்சிறு அளவே 0.01 மில்லிமீட்டர், முடியே ஆறேழு மடங்குதான் அதைவிடப் பெரிது. அந்தக் கருவி நடுவராக இருக்கத் தகுதியில்லை என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு முடியை அதே இடத்தில் வைத்து, அச்சில் கொஞ்சம் உருட்டி அளந்தாள். எண் மாறியது. சுருட்டை முடிக்காரத் தோழி ஒருத்தியின் முடியை வாங்கி வைத்தாள். அதில் வித்தியாசம் இன்னும் கூடுதல். முடியின் குறுக்குவெட்டு வட்டமில்லை, நீள்வட்டம். சுருட்டை முடி இன்னும் தட்டை. புத்தகத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக் கூடியது. அவள் பார்க்கவில்லை, பல சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டாள்.

கடிதத்தில் இதைத்தான் எழுதினேன். கடின உழைப்பாளி என்ற சொல் அதில் இல்லை. பிழை என்று ஒதுக்கக் கூடிய ஒரு எண்ணை ஒதுக்காமல் வைத்துக்கொண்டாள், கருவியின் எல்லையைத் தானே உணர்ந்தாள், அடுத்து எதை மாற்ற வேண்டும் எதை மாற்றக் கூடாது என்று தானே முடிவு செய்தாள். கணக்கில் சுமார்தான் என்றும் எழுதினேன். அவளுடைய மதிப்பெண் பட்டியல் எப்படியும் அதைச் சொல்லத்தான் போகிறது. குறை ஒன்றைச் சொல்லுகிற கடிதத்தின் மற்ற வரிகளை நம்பிப் படிப்பார்கள் என்பது என் அனுபவம்.

சாதாரண லேப் சோதனையில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது என்று கேட்கிற சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமன், ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போதுதான் ஒருபக்கம் சாய்ந்த விளிம்புப் பட்டைகளைக் கவனித்தார். எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் முதல் செமஸ்டரில் செய்கிற அதே சோதனை. எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் பதில் இல்லை. தானே லண்டனுக்கு அனுப்பினார். 1906-இல் ஃபிலசாஃபிகல் மேகஸினில் அச்சானபோது அவருக்கு வயது பதினெட்டு. 1934-இல் அவர் தொடங்கிய பெங்களூரு அகாடமிதான் இன்றைக்கு எங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களை வாங்குகிறது. இதில் எனக்குப் பிடித்த இடம், பேராசிரியர் பதில் சொல்லாமல் இருந்த அந்தச் சில மாதங்கள். அந்த ரகப் பேராசிரியர்கள் இன்னும் அழிந்துவிடவில்லை.

அடுத்தது, ஏன் வர விரும்புகிறாய் என்று விண்ணப்பத்தில் கேட்கிற அந்தக் குறிப்பு. முதல் வரைவு எல்லோருடையதும் ஒரே மாதிரி வரும். சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம், அப்துல் கலாம், நாட்டுக்குச் சேவை, உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு. ஆங்கிலமும் யாரிடமோ இரவல் வாங்கியது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இலக்கணப் பிழைகூட இல்லாமல் வருகிறது, அதனால் இன்னும் மோசம். முன்பெல்லாம் பிழையிலாவது ஆள் தெரிந்தான். நான் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, "சரி, இப்ப தமிழ்ல சொல்லுப்பா, அங்க போய் என்ன செய்யணும்?" என்பேன்.

ஒரு பையன் இப்படிச் சொன்னான்: "எங்கப்பா உப்பளத்துல வேலை பாக்காங்க மேம். பாத்தியில உப்பு எறங்கும்போது ஓரத்துல ஒரு மாதிரி கட்டியா எறங்கும், நடுவுல பொடியா இருக்கும். அது ஏன்னு யாருட்டயும் கேட்டா, அது அப்படித்தாங்காங்க."

"இத ஏம்ல எழுதல?"

"இதையெல்லாமா மேம் எழுதுவாக?"

இதைத்தான் எழுத வேண்டும் என்று நம்பவைக்கவே ஒரு வாரம் போனது. பிறகு படிகம் வளர்வது பற்றி நூலகத்தில் கிடைத்ததைப் படித்தான். கரைசல் மெதுவாகச் செறிந்தால் பெரிய படிகமும், வேகமாகச் செறிந்தால் பொடியும் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டான். வீட்டில் தட்டுகளில் உப்புக் கரைசல் வைத்துப் பார்த்தான். ஆவியாகும் வேகம் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஏன் மாற வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதையே குறிப்பின் கடைசி வரியாக எழுதச் சொன்னேன். மொழிபெயர்ப்பு அவனுடையது, நான் காலத்தையும் ஒருமை பன்மையையும் மட்டும் திருத்தினேன். அதற்கு மேல் கை வைத்தால் அது என் விண்ணப்பம் ஆகிவிடும். மாணவனையே கடிதம் எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடுகிற ஆசிரியர்கள் உண்டு. நேரமில்லை என்கிறார்கள். நேரமில்லாதது உண்மைதான். ஆனாலும் பத்தொன்பது வயசுப் பிள்ளையைத் தன்னைப் பற்றித் தானே சான்றிதழ் எழுதவைப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது எரிச்சல் மட்டுமே. அகாடமியின் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பரில் வரும். எங்கள் செமஸ்டர் தேர்வும் நவம்பரில் வரும். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்திருக்காது. பரிந்துரை செய்கிறவருக்கு மின்னஞ்சலில் போகும் இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும். சில இடங்களில் கல்லூரி முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்பார்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு முகவரி தர வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றவே நெடுநாள் ஆனது. பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருப்பது ஒன்றில்தான்: கடைசி நாள் ராத்திரிக்கு எதையும் வைக்காதே, அன்றைக்குத்தான் தளம் திறக்காது.

தெரிந்த பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டு இடம் கேட்பதும் ஒரு வழி. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு யாருமே பதில் போடவில்லை என்று வருந்துவார்கள். அந்தப் பேராசிரியர் எழுதிய ஒரே ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தையாவது படித்துவிட்டு, புரியாத ஒரு இடத்தைக் கேட்டு எழுது என்பேன். நாலு பேருக்கு எழுதினால் ஒருவராவது பதில் போடுகிறார்.

இன்ஸ்பையர் உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வருடத்துக்கு 80,000 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்காக என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு சான்றிதழ் சமாச்சாரமாகவே பார்க்கிறார்கள். தெரிந்த ஆசிரியரிடம் ஒரு கையெழுத்து, இணையத்திலிருந்து ஒரு அறிக்கை, முடிந்தது கதை. அரசாங்கமே காசு கொடுத்து ஆய்வகத்துக்குப் போ என்கிறது, நாம் ஃபைலை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறோம்.

அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பிப்ரவரி, மார்ச்சில் பட்டியல்கள் வெளியாகும். பெயர் இல்லாத பிள்ளைகள் என் அறைப் பக்கமே வரமாட்டார்கள், நான்தான் தேடிப் போக வேண்டும். அந்த உப்பளத்துப் பையனுக்கு அந்த வருடம் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பை அப்படியே வைத்துக்கொள் என்றேன். எம்.எஸ்சி. முதலாண்டில் அதையே விரித்து எழுதி அனுப்பி இடம் வாங்கினான்.

கணிதத் துறையில் இருக்கும் என் தோழிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம். அவர்களுக்கு எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் இருக்கிறது. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது, கோடையில் நாலு வாரம், நாட்டின் பல ஊர்களில் நடக்கிறது. அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. பாடம் முழுக்கக் கேள்விகளாகவே நடக்கும். மனப்பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண்கள் முதல் வாரம் போன் செய்து அழுவார்கள் என்பாள் தோழி. மூன்றாவது வாரம் போனே வராதாம். அதற்கும் ஆசிரியர் கடிதம் வேண்டும், அவளுக்கும் என் பிரச்சினைதான். அவள் கண்டுபிடித்த வழி வேறு: வாரம் ஒரு கணக்கைத் துறை வாசலில் ஒட்டிவைக்கிறாள், தப்பான விடையோடு வருகிறவர்களின் பெயரைத்தான் குறித்துக்கொள்கிறாள்.

இடம் கிடைத்த பிறகுதான் வீட்டுச் சண்டை. பையன் என்றால் பணம் மட்டும் பிரச்சினை. பல இடங்களில் உதவித்தொகை கைக்கு வர நாளாகும். ரயில் டிக்கெட்டும் முதல் மாதச் சாப்பாடும் முன்கூட்டியே புரட்ட வேண்டும். துறை ஆசிரியர்கள் சேர்ந்து கைமாற்றாகக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வோம். இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. பெண் என்றால் பணம் கடைசிப் பிரச்சினை. விடுதி யாருடையது, ராத்திரி எத்தனை மணிக்குக் கதவை அடைப்பார்கள், கூட யார் வருகிறார்கள், அந்த விஞ்ஞானி ஆணா பெண்ணா. இந்தக் கேள்விகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நான் படித்த காலத்தில் என் அப்பாவும் இதையேதான் கேட்டார், பதில் சொல்ல யாரும் இல்லாததால் நான் போகவில்லை. அதனால் விடுதிக் காப்பாளரின் எண், முந்தின வருடம் போய்வந்த அக்காவின் எண், நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போய்விடுவேன். காபி குடித்து, ஊர்க்கதை பேசி, அம்மாவிடம்தான் முதலில் பேச வேண்டும்.

போய்வந்தவர்கள் பெரிய கண்டுபிடிப்போடு வருவதில்லை. முதல் இரண்டு வாரம் கட்டுரைகளைப் படிப்பதிலும் பைத்தான் கற்பதிலும் போகும். விஞ்ஞானியைவிட அவரிடம் பிஎச்.டி. செய்கிற அண்ணனோ அக்காவோதான் கூட இருந்து சொல்லித்தருவார்கள். சோதனை வேலை செய்யாது, ஏன் செய்யவில்லை என்று தேடுவதற்குள் ஜூலை வந்துவிடும். ஆனால் ஜாம், ஜெஸ்ட் என்று நான் வகுப்பில் தொண்டை கிழியச் சொன்ன பெயர்கள் அதற்குள் அவர்களுக்கு நிஜமாகியிருக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் எழுத வேண்டும் என்பதும், ஜெஸ்ட் எழுதினால் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பில் நேராகச் சேரலாம் என்பதும் எங்கள் ஊரில் பிஎச்.டி. முடித்த பலருக்கே தெரியாத சங்கதி. அங்கே மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பையன் அதை எழுதிவிட்டு வந்தவன். அதோடு, அந்த விஞ்ஞானி பிற்பாடு எழுதப்போகிற கடிதம் என்னுடையதைவிடப் பல மடங்கு எடுபடும். என் கடிதத்துக்கு அத்தோடு வேலை முடிந்தது.

ஏர் வெட்ஜ் பெண் பெங்களூரில் ஒரு ஒளியியல் ஆய்வகத்துக்குப் போய்வந்தாள். எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில், பிஎச்.டி. சேர வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். நேரே கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"இன்னும் அஞ்சு வருசமா மேடம்? படிப்புச் செலவுக்கு நான் எங்க போவேன்?"

செலவில்லை, அவர்கள்தான் தருவார்கள் என்றேன். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைக்குத் தனியாகக் கொடுப்பார்கள். நம்பவில்லை. சுற்றறிக்கையைப் போனில் எடுத்துக் காட்டினேன். கணக்கு எழுதுகிறவர் இல்லையா, விரலை வைத்து எண்ணைப் பெரிதாக்கிப் படித்தார்.

"படிக்கிறதுக்கா இம்புட்டு? தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு இங்க எவ்வளவு மேடம் தாராக?"

சுயநிதிப் பிரிவுச் சம்பளத்தைச் சொன்னேன். அந்த 37,000-இல் பாதிகூட வராது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒரு இடமே அந்த விண்ணப்பத்தில் இல்லை.